‘எல்லாம் ஓடும் அக்கா’ என்றதை நம்பி ரூ. 1,28,000 போனது

இன்று மதியம்தான் கடைக்காரர் கடைசியாகக் கையை விரித்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். அலுவலகத்துக் கணினிகளை மாற்றப் போகிறவர்கள், முக்கியமாக என்னைப் போல் தமிழில் தட்டச்சு செய்து பிழைப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். அப்பா கையால் எழுதிய காலத்திலிருந்து நடக்கும் இடம். நான்கு கணினிகள், நான், தட்டச்சு செய்யும் இரண்டு பெண்கள், ஒரு பையன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது. எங்கள் கணினிகளில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 அவற்றை ஏற்கவில்லை. எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டுமாம். கட்சிக்காரர்களின் ஆதாரும் பான் அட்டையும் கிடக்கும் கணினியில் பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்ய எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் ஊரில் கணினி விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை.

உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைக் காட்டினார். மின்சாரம் கொஞ்சம்தான் இழுக்கும், வைரஸ் தொல்லை இல்லை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம், கூடவே வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும் ‘கம்பாட்டிபிள்’ மென்பொருள் என்றார். நான் தயங்கியபோது, “அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியிலேயே பாஸ் லினக்ஸ் இருந்ததே அக்கா” என்றார். அது உண்மைதான். என் அக்கா மகனின் மடிக்கணினியிலும் இருந்தது.

பென் டிரைவில் ஒரு கிரயப் பத்திரம் கொண்டுபோயிருந்தேன். தன் மேசைக் கணினியில் அதைத் திறந்து காட்டினார். தமிழ் பிசகாமல் வந்தது. நான்கெல்லை விவரம் வரி மாறாமல் நின்றது. பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. “இந்தக் கடைக்குப் பத்திரம் எழுதியதே உங்கள் அப்பாதான் அக்கா. உங்களிடம் நான் பொய் சொல்வேனா? எல்லாம் ஓடும்.” அப்பா பெயரைக் கேட்டதும் என் வாய் அடைத்துப்போனது. அன்றே பணம் கொடுத்தேன். பெட்டி ஒன்று 24,500 வீதம் நான்குக்கு 98,000. மென்பொருள் ‘லைசென்ஸ்’ கணினிக்கு 4,500 வீதம் 18,000. கோப்பு மாற்றவும் பயிற்சிக்கும் 12,000. மொத்தம் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய். பழைய கணினிகளையும் “அப்புறப்படுத்தித் தருகிறோம்” என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை முதல் பத்திரத்தைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எங்கள் பழைய கோப்புகள், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்திய எழுத்துருவில் இருப்பவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கடைப் பையன் வந்து எழுத்துருவைப் போட்டான். தமிழ் வந்தது, ஆனால் பக்கம் கலைந்தது. ஆங்கிலப் பகுதிகளுக்கு நாங்கள் வைத்திருந்த கலிப்ரி எழுத்துரு அதில் இல்லை. அதே அகலத்தில் கார்லிட்டோ என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறதாம், அதையும் நிறுவவில்லை. நான்கு பக்கப் பத்திரம் ஐந்தாம் பக்கத்துக்கு வழிந்தது. முத்திரைத்தாளில் வரி தப்பினால் தாள் வீண். இரண்டு தாள் வீணானது.

அடுத்தது பிரிண்டர். எங்கள் லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள் உண்டு, ஆனால் இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிக்கு மட்டும். இந்தப் பெட்டியில் இருப்பது ஏஆர்எம், கைபேசியில் இருக்கும் வகை. கடையில் அவர் திறந்து காட்டியது சாதாரண இன்டெல் மேசைக் கணினி! எனக்கு விற்ற பெட்டியில் என் கோப்பை அவர் ஒருமுறைகூடத் திறந்து காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காசு கொடுத்து வாங்கியிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் விண்டோஸுக்கானது, அதுவும் போயிற்று. பதினெட்டு வருடமாகப் பழைய தட்டச்சு முறையில் கை பழகிய பெண் விசைப்பலகை முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாரம், “பழகினால் சரியாகிவிடும் அக்கா.” இரண்டாம் வாரம், “அப்டேட் வரும்.” பிறகு, “பிரிண்டர் கம்பெனியைக் கேளுங்கள்.” பிறகு போனை எடுக்கவில்லை. நேரில் போனேன். “கம்பாட்டிபிள் என்றுதான் சொன்னேன், ஒரிஜினல் என்று சொன்னேனா?” என்றார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் சிரித்தார். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு அந்தச் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். அவன் மென்பொருளின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினான்: லிப்ரெ ஆபீஸ். 2010-இலிருந்து தி டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற அறக்கட்டளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகக் கொடுப்பது. தொடக்கத் திரையில் மட்டும் கடைக்காரர் தன் படத்தை ஒட்டியிருக்கிறார். அதை நிறுவித் தந்து கூலி வாங்கினால் நான் கேட்கப் போவதில்லை, அது வேலை. ‘வருடாவருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்’ என்று சொல்லி 18,000 வாங்கினாரே, அது பச்சைப் பொய். மென்பொருள் மேல் எனக்குக் குறையே இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல், எங்கள் பழைய இன்டெல் கணினிகளிலேயே லினக்ஸைப் போட்டிருந்தால் கணினிக்கு ஒரு பைசா செலவில்லை, பிரிண்டரும் ஓடியிருக்கும் என்று அவன் சொன்னது.

அந்தக் கணினிகளையாவது திருப்பிக் கொடுங்கள் என்றுதான் இன்று போனேன். “காயலான் கடைக்குப் போய்விட்டது” என்றார். ஹார்டு டிஸ்க்குகளை அழித்தீர்களா என்றேன். பதில் இல்லை. எத்தனை குடும்பங்களின் ஆதார், பட்டா, கைரேகை நகல்கள் அதற்குள் இருக்கின்றன! பணத்தைவிட இதுதான் இரவில் தூங்கவிடாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றபோது, “நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், எடுபடாது” என்று அனுப்பிவிட்டார். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துவோருக்கு விலக்கு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லிவிட்டேன்.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. உங்களுக்குத் தரப்போகும் அதே கணினியில், உங்கள் கோப்பை, உங்கள் பிரிண்டரில் அச்சடித்துப் பாருங்கள். செயலி இன்டெல்லா, ஏஆர்எம்மா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஒன்று வாங்கி ஒரு மாதம் ஓட்டிவிட்டு மற்றதை வாங்குங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளாமல் எந்தக் கணினியையும் வெளியே அனுப்பாதீர்கள்.

நாளை முகூர்த்த நாள். மூன்று கிரயம், ஒரு தான செட்டில்மென்ட் கையில் இருக்கிறது. எதிர்க்கடையில் ஒரு கணினி கேட்டிருக்கிறேன், காலை ஆறு மணிக்குத் திறந்து தருகிறேன் என்றிருக்கிறார்கள்.