மார்பின் மேல் கிடந்த வயர்

பத்து நிமிடம்கூட நீடிக்காத ஒரு நிகழ்வைத்தான் எழுதுகிறேன். விடுமுறையின் மற்ற நாட்கள் எல்லாம் அதன் பின்னால் மறைந்துவிட்டன.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட அப்பாவைப் பல் சுத்தம் செய்ய அழைத்துப் போயிருந்தேன். உள்ளே நுழையும்போது கொடுத்த படிவம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மட்டுமே கேட்டது. நாற்காலி சாய்ந்ததும் உதவியாளர், அதிர்வால் பல் காரையை நீக்கும் கருவியான ஸ்கேலரின் வயரை அப்பாவின் இடது மார்புக்குக் குறுக்கே, தோலுக்கடியில் அந்தச் சிறு பெட்டி புடைத்துத் தெரியும் இடத்தின் மேலேயே, இழுத்துப் போட்டார். நான் பதறி எழுந்து, இது எந்த வகை ஸ்கேலர் என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதாங்க" என்றார்.

எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது என்பதுதான் என் ஆதங்கம். ஒரு வகை ஸ்கேலரில், கைப்பிடிக்குள் உள்ள சுருள் உண்டாக்கும் மாறுகாந்தப் புலத்தால் மெல்லிய உலோகத் தகடுகள் அதிர்கின்றன. அந்தப் புலத்தை இதயத்தின் சொந்தத் துடிப்பென்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டால், தான் தர வேண்டிய துடிப்பை நிறுத்திவைக்கக்கூடும். பீசோ என்ற இன்னொரு வகையில் படிகமே அதிர்வதால் அந்தக் கவலை மிகக் குறைவு. டைட்டானிய உறையும் வடிகட்டிகளும் கொண்ட இன்றைய பேஸ்மேக்கர்களில் ஆபத்து குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இத்தகைய கருவிகளைப் பெட்டியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். ஈறை மின்சாரத்தால் வெட்டும் கருவிக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்ரேயால் பொதுவாகச் சிக்கல் இல்லை.

நான் வசிக்கும் நாட்டில், நான் போகும் பல் மருத்துவமனையில் நேரம் குறிக்கும்போதே பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, என் பால் பல்லைப் பிடுங்கிய பழைய டாக்டர் படிவமே இல்லாமல் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் நோயையும் நினைவில் வைத்திருந்தார். அந்த நினைவு போனதென்றால், அதன் இடத்தில் ஒரு கேள்வியாவது வந்திருக்க வேண்டாமா?

சத்தம் கேட்டு வந்த இளம் மருத்துவர் கோபப்படவில்லை. அப்பாவின் பேஸ்மேக்கர் அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார். ஸ்கேலரின் முனையைத் திருகிக் கழற்றி, நீளமான தகட்டுக் கற்றை எதுவும் இல்லை, இது பீசோதான் என்று என் கையிலேயே கொடுத்துக் காட்டினார். வயரை வலப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, தாமே சுத்தம் செய்தார். அதுவரை எனக்கிருந்த எரிச்சல் பாதி அங்கேயே தணிந்தது.

கிளம்பும்போது அப்பாவின் கோப்பைக் கேட்டு வாங்கி, மேலட்டையில் சிவப்பு மையால் 'பேஸ்மேக்கர், இடது மார்பு' என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.