பூமலை: கட்டணம் கேட்காத பசுமை

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும் அந்த இடத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. நிலம் போதாமல் கடலைத் தூர்த்து விரிந்த ஒரு தீவில், வானுயர்ந்த கட்டடங்கள் எழும்பியிருக்கக்கூடிய 82 ஹெக்டேர் நிலத்தை மக்கள் நடப்பதற்கும் அமர்வதற்கும் விட்டுவைத்திருப்பதைப் பெரும் செல்வமாகவே நான் கருதுகிறேன்.

1859இல் தொடங்கப்பட்ட இத்தோட்டம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. தோட்டம் பிறப்பதற்கு முன்பே இங்கிருந்த மழைக்காட்டில் ஏறத்தாழ 6 ஹெக்டேர் இன்றும் எஞ்சியிருக்கிறது. அதனுள் அமைந்த மரப்பலகைப் பாதையில் நுழைந்ததும் வெயிலின் கடுமை தணிந்து, சாலையின் இரைச்சல் பின்தங்கிவிடும். ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் அச்சிடப்பட்டுள்ள தெம்புசு மரத்தையும், தரைக்கு இணையாக நீண்டிருக்கும் அதன் பெருங்கிளையையும் புல்வெளியோரத்தில் நேரில் காணலாம்.

எனக்கு இத்தோட்டத்தோடு இன்னொரு உறவும் உண்டு. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகள் இங்கு வளர்க்கப்பட்டன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராதபடி பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை இங்கேதான் செம்மைப்படுத்தினார். பிறகு மலாயா முழுவதும் பரவிய பால்மரக் காடுகளில், விடியலுக்கு முன்பே கத்தியோடு புறப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களுள் என் தாத்தாவும் ஒருவர். அவருடைய உழைப்பின் வேர் இந்த மண்ணில் இருப்பதால், என் பிள்ளைகளை இங்கு அழைத்துவரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லாமல் திரும்பியதில்லை.

முதன்முறையாக வருவோர் தோட்டம் வடக்குத் தெற்காக மிக நீளமானது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தாவரவியல் பூங்கா எம்ஆர்டி ரயில் நிலையம் வடமுனையில் இருப்பதால், அன்னப்பறவை ஏரியைக் காண விரும்பும் முதியவர்கள் தென்முனைக்கு அருகிலுள்ள நேப்பியர் நிலையத்தில் இறங்குவது நல்லது. முழங்கால் வலியுள்ள என் தாயாரை இப்போது அவ்வழியாகவே அழைத்துச் செல்கிறேன். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. ஒருமுறையேனும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். சிறுவர் தோட்டம் இலவசம் என்றாலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். நண்பகல் வெயிலைத் தவிர்ப்பதோடு, மேகம் கறுத்தால் மரத்தடியில் நிற்காமல் கூரையுள்ள இடத்துக்குச் சென்றுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வருவோருக்குப் பூமலையின் முழு அருமையும் புலப்படும். வாரம் முழுவதும் பிறர் வீட்டில் உழைக்கும் பணிப்பெண்கள் புல்வெளியில் பாய் விரித்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்துண்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியிலிருந்து வந்த நாங்களும் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.