கோடுக்கு கிட், படங்களுக்கு எஸ்.வி.என்.: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்ததில்

மொபைல் கேம் செய்யும் சின்ன டீம் எங்களுடையது. கோட் எழுதுபவர்களும் படம் வரைபவர்களும் ஏறக்குறைய பாதிப் பாதி. ஃபைல்களில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றை வைத்திருக்கும் வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருளாக, கோடுக்கு கிட் (Git), படங்களுக்கு அதைவிடப் பழைய எஸ்.வி.என். (Subversion) என்று இரண்டையும் வைத்துக்கொண்டு சில வருடங்களாக ஓட்டுகிறோம். இந்தக் காலத்திலும் எஸ்.வி.என்.-ஆ என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கோடைப் பொறுத்தவரை கிட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) போடுவது நொடி வேலை, நெட் இல்லாவிட்டாலும் கமிட் போடலாம் (மாற்றத்தை வரலாற்றில் பதியலாம்), எப்போதோ நுழைந்த பக்கை (பிழையை) தேட, பாதிப் பாதியாக ஒதுக்கிக்கொண்டே போகும் பைசெக்ட் போட்டால் ஆயிரம் கமிட்டில் பத்துச் சோதனைக்குள் குற்றவாளி கமிட்டைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஆனால் முழு வரலாறும் ஒவ்வொருவர் மெஷினிலும் உட்காருவதுதான் அதன் பலம் என்றால், 300 எம்.பி. பி.எஸ்.டி. (ஃபோட்டோஷாப்) ஃபைலை நாலு தடவை மாற்றி கமிட் செய்யும் இடத்தில் அதுவே தலைவலி. அதோடு ஒரே படத்தை இரண்டு பேர் மாற்றினால் மெர்ஜ் (இரண்டு மாற்றங்களையும் இணைப்பது) என்ற பேச்சுக்கே இடமில்லை, யாராவது ஒருவர் வேலை குப்பைக்குத்தான்.

பெரிய ஃபைல்களைத் தனியே வைத்துக்கொண்டு கிட்டில் ஒரு குறிப்பை மட்டும் விடும் எல்.எஃப்.எஸ். (Large File Storage) இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நாங்களும் போட்டுப் பார்த்தோம். அதை இன்ஸ்டால் செய்யாத மெஷினில் கிளோன் செய்தால் (மொத்தத்தையும் இறக்கினால்) படத்துக்குப் பதில் மூன்று வரி டெக்ஸ்ட்தான் வரும்: ஒரு வெர்ஷன் வரி, ஒரு நீள ஹாஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம்), ஒரு சைஸ். ஃபோட்டோஷாப் அதைத் திறக்காது. கோட் எழுதுபவருக்கு இதைச் சரிசெய்வது ஒரு நிமிஷ வேலை, படம் வரைபவருக்கோ அன்றைய காலை போச்சு. ஒருவர் வேலை செய்யும் ஃபைலை மற்றவர் மாற்றாமல் பூட்டும் லாக் வசதியும் அதில் உண்டு, சர்வர் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

எஸ்.வி.என்.-இல் நீட்ஸ்-லாக் என்ற பிராப்பர்ட்டியை ஃபைலுக்குப் போட்டுவிட்டால், லாக் எடுக்கும்வரை அது ரீட்-ஒன்லியாகவே இருக்கும். டார்ட்டாய்ஸில் (எஸ்.வி.என்.-ஐ விண்டோஸில் மவுஸால் இயக்கும் மென்பொருள்) ரைட் கிளிக், லாக், அவ்வளவுதான். வேறு யாராவது வைத்திருந்தால் பெயரோடு சொல்லிவிடும். பின்னணி வரைபவர் பின்னணி ஃபோல்டரை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கமிட்டுக்கும் கிடைக்கும் ரிவிஷனும் சாதாரண எண் என்பதால் "4120-ஐ எடுத்துக்கோ" என்று ஃபோனிலேயே சொல்லிவிட முடிகிறது, கிட்டில் போல நீள ஹாஷோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

தொல்லைகள் இல்லாமலில்லை. லாக்கைப் போட்டுவிட்டு லீவில் போய்விடுவார்கள், அப்புறம் யாராவது உடைக்க வேண்டும். சர்வர் படுத்தால் எல்லார் கமிட்டும் படுத்தது. முழு வரலாறும் அங்கே மட்டும்தான் என்பதால் பேக்கப் தினமும் ஓட வேண்டும். எந்தக் கோடுக்கு எந்தப் படம் என்பதற்கு, கிட் ரெப்போவில் (களஞ்சியத்தில்) ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எஸ்.வி.என். ரிவிஷன் எண்ணை எழுதி வைக்கிறோம், கேமைத் தயாரிக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் அதைப் படித்து அந்த ரிவிஷனையே எடுக்கும். இது இல்லாவிட்டால் இரண்டு ரெப்போ வைப்பது நரகம்.

பெர்ஃபோர்ஸ் (Perforce) என்ற இன்னொரு வெர்ஷன் கண்ட்ரோலையும் யோசித்தோம். பெரிய கேம் ஸ்டுடியோக்கள் பல அதில்தான் இருக்கின்றன, ஆனால் இலவசம் 5 பேர் வரைக்கும்தான். நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம்.

உங்கள் டீமில் படம் வரைபவர் ஒருவர்தான் என்றால் இந்த இரட்டைக் குடித்தனமே வேண்டாம், கிட்டும் எல்.எஃப்.எஸ்.-ஸும் போதும். ஒரே ஃபைலில் கை வைக்க இரண்டாவது ஆள் வரும்போது லாக்கைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.