இன்டர்வியூவுக்குத் தயாராவது: மனப்பாடமா, குறிப்பா, மாதிரி நேர்காணலா?

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. வருடத்தில் சில நாட்கள் என்னையும் இன்டர்வியூ பேனலில் உட்கார வைத்துவிடுவார்கள். எதிரே இருப்பவர் எப்படித் தயாராகி வந்திருக்கிறார் என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதில்களை எழுதி நெட்டுரு போட்டவர் ஒரு வகை. தன் அனுபவங்களில் நாலைந்தைக் குறிப்பாக வைத்திருப்பவர் இன்னொரு வகை. யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பேசிப் பழகியவர் மூன்றாவது வகை. சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததோடு வருகிறவர்களைத் தனி வகையாகச் சேர்க்க மாட்டேன். அதுவும் மனப்பாடம்தான், எழுதியது மட்டும் வேறு ஆள்.

மனப்பாடத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன் நான். முதல் இன்டர்வியூவுக்கு அப்படித்தான் போனேன். "மைசெல்ஃப்..." என்று தொடங்கி, ஊர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு கிரிக்கெட் என ஒரே மூச்சில் ஓடும் அந்தப் பத்தி, ஆங்கிலத்தில் பேசப் பயப்படுகிறவனுக்கு ஒரு கைப்பிடிச் சுவர். முதல் ஒரு நிமிடத்தைத் தாண்ட உதவும். ஆனால் நடுவில் யாராவது குறுக்கிட்டால் போச்சு. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து சொல்லிக்கொண்டு வரும் பிள்ளையைப் போல, மறுபடி முதல் வரிக்கே ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு நான் ஓடினேன். வேலை கிடைக்கவில்லை.

ஒரே கேள்வியை வைத்து முறைகளை உரசிப் பார்ப்போம். "உங்கள் பலவீனம் என்ன?"

மனப்பாடக்காரர் சொல்வது: "நான் ஒரு பர்ஃபெக்ஷனிஸ்ட். எதையும் கச்சிதமாக முடிக்கும்வரை விட மாட்டேன்." ஒரே நாளில் இதை மூன்று பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது ஆளிடம் "அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தது?" என்று கேட்டேன். அவரிடம் அதற்குப் பதில் இல்லை.

குறிப்போடு வந்த ஒருவர் சொன்னது இது: "தெரியாததைக் கேட்கத் தயங்குவேன். கடைசி வருட ப்ராஜெக்டில் ஒரு பிழையோடு இரண்டு நாள் தனியாக மல்லுக்கட்டினேன். நண்பன் வந்து அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தான். தேதியை நாங்கள் நாள், மாதம் என்று எழுதியிருந்தோம், அந்த மென்பொருள் மாதம், நாள் என்று படித்தது. இப்போது ஒரு மணி நேரம் முட்டிப் பார்ப்பேன், அப்புறம் கேட்டுவிடுவேன்." பலவீனம் உண்மையானது, அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதும் தெரிகிறது. இதற்குமேல் துருவிக் கேட்டாலும் அவரால் சொல்ல முடியும், ஏனென்றால் அது அவருக்கு நடந்தது.

இந்த இரண்டாவது முறைக்கு ஸ்டார் (STAR: Situation, Task, Action, Result) என்று பெயர் உண்டு. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு படிகள். அமேசான் தன் 16 தலைமைக் கோட்பாடுகளை வெளிப்படையாகவே போட்டுவைத்து, அவற்றை ஒட்டித்தான் கேள்வி கேட்கிறது. பதிலை ஸ்டார் வடிவத்தில் சொல்லுங்கள் என்றும் விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சொல்கிறது. இதன் பெரிய வசதி, ஒரு கதை பல கேள்விக்கு உதவும். மேலே சொன்ன தேதிப் பிழையையே "தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள்", "குழுவில் எப்படி வேலை செய்வீர்கள்" என்ற கேள்விகளுக்கும் திருப்பிக்கொள்ளலாம். சறுக்கியது, கருத்து மோதல், தானாகப் பொறுப்பெடுத்தது, அவசரமாகக் கற்றது, கெடுவுக்குள் முடித்தது என்று ஐந்து கதை இருந்தால் பெரும்பாலான கேள்விகளைச் சமாளித்துவிடலாம்.

"ஃப்ரெஷருக்கு ஏது கதை?" என்று கேட்பார்கள். அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டை எக்செல்லில் ஏற்றி, மூன்று மாதமாகப் பாக்கி வைத்திருந்தவர்களைப் பிரித்தெடுத்ததை ஒரு பெண் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த இன்டர்வியூ அது. பேனலில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. குறிப்பு தாளில் அழகாக இருக்கும், வாய்விட்டுச் சொன்னால் நான்கு நிமிடம் இழுக்கும். "நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்" என்றே போகும். "சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டியதாகிவிடும். தமிழில் யோசித்த கதைக்கு ஆங்கில வினைச்சொல் சமயத்தில் வராது.

அதனால்தான் மூன்றாவது முறை, அதாவது வாய்விட்டுப் பேசிப் பழகுவது, தேவைப்படுகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். முதல் நாள் ராத்திரி குறிப்பைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருப்பதை அதிகம் நம்ப முடியாது.

குடிமைப் பணித் தேர்வில் மொத்த மதிப்பெண் 2025, அதில் நேர்காணலுக்கு 275. அங்கே போகிறவர்கள் மாதிரி நேர்காணலை விடுவதில்லை. சென்னையில் தமிழக அரசின் பயிற்சி மையமே அதை நடத்துகிறது. நமக்கு அந்த ஏற்பாடு கிடையாது, நண்பன்தான் கிடைப்பான். அவன் "சூப்பர் மச்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவனிடம் கருத்துக் கேட்காதீர்கள், ஒவ்வொரு பதிலுக்கும் "ஏன்?", "எப்படி?" என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். சாட்ஜிபிடியையும் இங்கே பயன்படுத்தலாம், பதில் எழுதித் தருவதற்கு இல்லை, வேலை விளம்பரத்தைக் கொடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வைப்பதற்கு.

என் கணக்கில் மூன்றும் சமம் இல்லை. உழைப்பின் பெரும்பங்கு கதைகளுக்குப் போக வேண்டும், அடுத்தது பேசிப் பார்ப்பதற்கு. மனப்பாடத்துக்கு இரண்டே இடம்தான். ஒன்று, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதன் முதல் இரண்டு வாக்கியம். இன்னொன்று சம்பளம், அதற்குக் கதையெல்லாம் வேண்டாம். அந்த வேலையில் இருக்கும் சீனியர்களிடம் விசாரித்து வைத்த ஒரு தொகை போதும். அரியர், இரண்டு வருட இடைவெளி மாதிரி கூச்சப்படும் விஷயங்களைக் கட்டாயம் ஒருவர் முன்னால் சொல்லிப் பாருங்கள். குரல் தடுமாறுவது தாளில் தெரியாது. "ஏன் எங்கள் நிறுவனம்?" என்ற கேள்விக்கு இந்த மூன்று முறைகளில் எதுவும் உதவாது. அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று ஒரு மணி நேரம் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் இரவு உங்கள் ரெஸ்யூமேயை மட்டும் ஒரு தடவை படித்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் எங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.