முதல் ஜாஸ் ஆல்பமா எதைக் குடுக்கலாம்? கைண்ட் ஆஃப் ப்ளூ, டைம் அவுட், எ லவ் சுப்ரீம்

யாராவது வந்து "ஜாஸ் கேக்கணும்னு ஆசையா இருக்கு, ஒரே ஒரு ஆல்பம் சொல்லு"ன்னு கேட்டா எனக்கு சந்தோஷமும் பயமும் சேந்தே வரும். கூடக் கேக்க ஒரு ஆள் கிடைக்கறாங்களேன்னு சந்தோஷம். பயம் எதுக்குன்னா முதல்ல குடுக்கற ஆல்பம் ஒத்துக்கலைன்னா "நமக்கு இதெல்லாம் செட் ஆகாதுப்பா"ன்னு அத்தோட முடிச்சுடுவாங்க, பத்து வருஷம் கழிச்சுக் கேட்டாலும் அதேதான் சொல்லுவாங்க. நாங்க அஞ்சாறு பேர் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடில உக்காந்து ஆளுக்கு ஒரு ஆல்பம் போட்டுக் கேக்கறது வழக்கம், அங்க இந்தப் பேச்சு வந்தா ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஓடும். கடைசில மூணு ஆல்பம்தான் நிக்கும்: மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ, டேவ் ப்ரூபெக்கோட டைம் அவுட், ஜான் கோல்ட்ரேனோட எ லவ் சுப்ரீம். மூணையும் நான் மூணு வேற வேற ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டேன், அதுல என்ன ஆச்சுன்னு வெச்சுதான் இந்த ஒப்பீடு.

கைண்ட் ஆஃப் ப்ளூ எல்லாரும் கண்ண மூடிட்டு சொல்ற பதில். 1959ல நியூயார்க்ல, மார்ச்ல ஒரு நாள் ஏப்ரல்ல ஒரு நாள்னு ரெண்டே நாள்ல பதிவு பண்ணது, மொத்தம் 5 ட்ராக், 45 நிமிஷம் கிட்ட வரும், அமெரிக்காவுல மட்டும் 50 லட்சம் காப்பிக்கான சான்றிதழ் வாங்கின ஆல்பம். ட்ரம்பெட்ல மைல்ஸ், சாக்ஸஃபோன்ல கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோல பில் எவன்ஸ், ஒரு பாட்டுக்கு மட்டும் விண்டன் கெல்லி, பேஸ்ங்கற தாழ்ந்த சுரம் குடுக்கற பெரிய தந்தி வாத்தியத்துல பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ்ல ஜிம்மி காப். இந்த மாதிரி ஒரு கூட்டம் ஒரே ரூம்ல உக்காந்ததே பெரிய விஷயம். அதுவரைக்கும் ஜாஸ்ல கார்ட், அதாவது சேந்து ஒலிக்கற சுரக் கூட்டம், மாறிக்கிட்டே இருக்கும், வாசிக்கிறவர் அது பின்னாடியே ஓடணும், மைல்ஸ் அதை நிறுத்திட்டு ஒரு சுர வரிசையக் குடுத்து இதுக்குள்ளயே இருங்கன்னு விட்டுட்டார். இது நமக்குப் புரியாத விஷயமே கிடையாது. முதல் பாட்டு ஸோ வாட் எடுத்துக்கோங்க, அதுல வர்ற டோரியன்ங்கற சுர வரிசை நம்ம கரகரப்ரியா ராகத்தோட சுரங்கள்தான், சுரத்தை அசைச்சு வாசிக்கற கமகம் இருக்காது அவ்வளவுதான். 16 பார் (ஒரு பார்னா நாலு எண்ணிக்கை) அதுல வாசிச்சிட்டு 8 பார் அதையே அரை சுரம் மேல தூக்கி வாசிச்சிட்டு திரும்ப 8 பார் பழைய இடத்துக்கு இறங்கிடுவாங்க. கடைசி பாட்டு ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்ல அஞ்சு சுர வரிசை வரிசையா வரும், வாசிக்கிறவர் ஒவ்வொண்ணுலயும் மனசு நிறையற வரைக்கும் இருந்துட்டு அடுத்ததுக்குப் போகலாம். எனக்கு அதைக் கேக்கறப்போ ராகமாலிகை ஞாபகம்தான் வரும்.

இவ்வளவு இருந்தும் நான் இதைக் குடுத்த ஆபீஸ் நண்பர் ஒரு வாரம் கழிச்சு "சூப்பர்ங்க, வேலை பாக்கறப்போ போட்டுக்க நல்லா இருக்கு"ன்னார். நல்ல மனசோட சொன்னதுதான், எனக்குத்தான் மனசு கஷ்டமாப் போச்சு. அப்புறம் யோசிச்சா தப்பு என்னோடது. அந்த ஆல்பம் எதையும் சத்தம் போட்டு சொல்லாது, யாரும் யாரையும் முந்த மாட்டாங்க, பில் எவன்ஸ் ஒரு கார்டை வெச்சுட்டு அது கரையற வரைக்கும் விடுவார், அந்த அமைதிய கவனிக்கக் காது இன்னும் பழகலைன்னா அது ஏசி ஓடற சத்தம் மாதிரி பின்னாடி போயிடும். இதை ரசிக்கணும்னா இவங்க எதை வாசிக்காம விட்டாங்கன்னு தெரியணும், அது தெரிய முதல்ல வேற கொஞ்சம் கேட்டிருக்கணும். அதனால முதல் ஆல்பமா இதை நான் இப்போ குடுக்கறது இல்ல. ரெண்டாவதா கண்டிப்பா குடுப்பேன்.

டைம் அவுட் அதே 1959, அதே கொலம்பியா கம்பெனி, அதே நியூயார்க் 30வது தெரு ஸ்டூடியோ, ஒரு காலத்துல சர்ச்சா இருந்த கட்டடம் அது. ஆனா குணம் அப்படியே எதிர். இங்க விஷயமே தாளம். ப்ரூபெக்கோட குழு 1958ல துருக்கி, இந்தியான்னு ஒரு பெரிய டூர் போனாங்க, துருக்கில தெருவுல வாசிச்சவங்க கிட்ட கேட்ட 9 எண்ணிக்கைதான் முதல் பாட்டு ப்ளூ ரோண்டோவா வந்துச்சு. நம்ம சொல்லுல போட்டுப் பாருங்க: தக தக தக தகிட, தக தக தக தகிட, தக தக தக தகிட, தகிட தகிட தகிட. இதை எங்க அக்கா பையனுக்குப் போட்டுக் காட்டினேன், மிருதங்கம் கத்துக்கறான், ரெண்டாவது சுத்துலயே தொடைல தட்ட ஆரம்பிச்சுட்டான், அவன் முகத்துல வந்த சிரிப்ப நீங்க பாத்திருக்கணும். அதே ஆல்பத்துல அஞ்சு எண்ணிக்கைல வர்ற டேக் ஃபைவ் பாட்டைப் போட்டதும் "மாமா இது கண்ட சாபு, ஆனா திருப்பிப் போட்டிருக்காங்க"ன்னான். சரிதான், நம்ம கண்ட சாபு தக தகிட, அங்க தகிட தக. நான் பத்து வருஷமா கேட்டும் அதை அப்படி யோசிச்சதே இல்ல. அந்தப் பாட்டு ப்ரூபெக் எழுதினது இல்ல, சாக்ஸஃபோன் வாசிச்ச பால் டெஸ்மண்ட் எழுதினது, அவர் போனதுக்கு அப்புறம் அதோட ராயல்டி அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போற மாதிரி உயில் எழுதி வெச்சிருந்தார். நடுவுல ஜோ மொரெல்லோ ட்ரம்ஸ்ல தனி ஆவர்த்தனம் பண்றப்போ பியானோ அந்த அஞ்சை விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், யாருக்கும் கணக்கு தவறிப்போகாது. புதுசா கேக்கறவங்களுக்கு இதை விட நல்ல கைப்பிடி கிடையாது.

குறை என்னன்னா ப்ளூ ரோண்டோல ஒவ்வொருத்தரா தனியா வாசிக்கற சோலோ ஆரம்பிச்சதும் சாதாரண நாலுக்கு வந்துடுவாங்க, நம்ம பையன் உடனே "ஏன் விட்டுட்டாங்க?"ன்னு கேட்டான், என் கிட்ட பதில் இல்ல. இன்னொண்ணு, ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அவன் போன்ல அந்த ரெண்டு பாட்டு மட்டும்தான் இருக்கு, மிச்ச அஞ்சையும் தொடவே இல்ல. ஸ்ட்ரேஞ்ச் மெடோ லார்க் ஆரம்பத்துல பியானோ மட்டும் தாளமே இல்லாம ஆலாபனை மாதிரிப் போற இடம் அவ்வளவு அழகு, அதெல்லாம் வீணாப் போச்சேன்னு இருந்துச்சு. ஜாஸ் பக்கம் ஆளை இழுக்க டைம் அவுட் நல்லா வேலை செய்யும், ஆனா ஆல்பமா உக்கார வெக்கறது கஷ்டம்.

இப்போ எ லவ் சுப்ரீம். இதைப் பத்தி எல்லாரும் ஒரே குரல்ல சொல்றது "முதல்ல இதைக் குடுத்துடாத, கஷ்டமான ஆல்பம்"னு. நானும் ரொம்ப நாள் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். கும்பகோணம் பக்கத்துல இருக்கற எங்க மாமாவுக்கு 70 வயசு தாண்டியாச்சு, கோயில் திருவிழால நாதஸ்வரம் கேட்டே வளந்தவர், காருகுறிச்சி அருணாசலம் வாசிப்புன்னா இன்னிக்கும் ரேடியோ பக்கத்துல சேர் இழுத்துப் போட்டுப்பார். போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ "நீ என்னவோ இங்கிலீஷ் பாட்டு கேக்கறியாமே, போடேன்"னார். கையில ஒரு ஸ்பீக்கரும் போன்ல இந்த ஆல்பமும்தான் இருந்துச்சு, வேற யோசிக்காமப் போட்டுட்டேன்.

முதல்ல ஒரு காங் சத்தம், சாக்ஸஃபோன் ஒரு சின்ன அழைப்பு, அப்புறம் ஜிம்மி காரிசன் பேஸ்ல நாலே நாலு சுரம், ஸ க ஸ ம, சாதாரண காந்தாரமும் சுத்த மத்யமமும்னு வெச்சுக்கோங்க, அதையே சுத்திச் சுத்தி. அந்த முதல் பாகத்துல கோல்ட்ரேன் அந்த நாலு சுரத்தை 12 சுருதிலயும் வாசிப்பார். நம்ம கச்சேரில ஒரு தடவை சுருதி சேத்துட்டா முடியற வரைக்கும் மாறாது, இங்க ஒரே பிடிய ஒவ்வொரு படிலயும் வெச்சு வெச்சு எடுக்கறார், உலகத்துல எங்க போனாலும் இதேதான் இருக்குன்னு சொல்ற மாதிரி. அதுக்கு அப்புறம் வாயாலயே ஆல்பத்தோட பேரை ஜபம் மாதிரி சொல்லுவார். மாமா அது வரைக்கும் ஒண்ணும் பேசல, அந்த இடம் வந்ததும் "நாம ஜபம் பண்றானா?"ன்னு கேட்டார். ஆமா மாமான்னேன். அவர் போதைலயும் குடிலயும் இருந்து மீண்டு வந்தது 1957ல, அந்த வருஷம் கடவுள் அருளால ஒரு விழிப்பு வந்துச்சுன்னு அவரே ஆல்பம் உறைல எழுதியிருக்கார், அதுக்கு நன்றியா செஞ்சதுதான் இதுன்னு சொன்னேன். 1964 டிசம்பர் 9, நியூ ஜெர்சில ரூடி வான் கெல்டர் ஸ்டூடியோ, ஒரே நாள் பதிவு, நாலு பாகம், 33 நிமிஷம்.

நடுவுல ரெண்டு பாகம் உண்மையிலேயே கஷ்டம், மறைக்க வேண்டாம். மக்காய் டைனர் பியானோவும் எல்வின் ஜோன்ஸ் ட்ரம்ஸும் மூணாவது பாகத்துல போற வேகத்துக்கு எனக்கே முதல் தடவை தலை சுத்துச்சு. மாமா அப்போ எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்தார், நான் சரி அவ்வளவுதான்னு நினைச்சேன். ஆனா நாலாவது பாகம் ஸாம் ஆரம்பிச்சதும் அப்படியே உக்காந்துட்டார். அதுல தாளம் கிடையாது, அடில ட்ரம்ஸ் இடி மாதிரி உருண்டுக்கிட்டே இருக்கும், மேல சாக்ஸஃபோன் மட்டும் நீளமா நிறுத்தி நிறுத்திப் போகும். கொஞ்ச நேரம் கேட்டுட்டு மாமா சொன்னார், "டேய், இவன் சாகித்யம் வாசிக்கறான்டா." எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, ஏன்னா அதான் உண்மை. ஆல்பம் உறைல கோல்ட்ரேன் எழுதின ஒரு பிரார்த்தனைக் கவிதை இருக்கு, அதோட வார்த்தைகளத்தான் அவர் அசை அசையா வாசிக்கிறார், கவிதையக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டா வரி வரியா கூடவே போகலாம். இது பல பேருக்கு எத்தனையோ வருஷம் கேட்டும் பிடிபடாத விஷயம். நாதஸ்வரத்துல வார்த்தை கேட்டுப் பழகின காதுக்கு 5 நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு. விருத்தம் கேட்டு வளந்தவங்களுக்கு தாளம் இல்லாததும் உறுத்தாது.

அன்னிலேர்ந்து என் பதில் மாறிடுச்சு. கச்சேரி, கோயில் வாத்தியம், தேவாரம்னு ஏதாவது ஒண்ணு காதுல ஊறினவங்களா இருந்தா எ லவ் சுப்ரீம்தான் முதல்ல. கஷ்டமான ஆல்பம்னு சொல்றவங்க அவங்க காதை வெச்சு சொல்றாங்க, கேக்க வந்தவரோட காதை வெச்சு சொல்றது இல்ல. மிருதங்கம், தபேலா, ட்ரம்ஸ், பறைன்னு தாளப் பக்கம் கை இருக்கறவங்களுக்கு டைம் அவுட், ஆனா ஏழு பாட்டும் வரிசையா கேளுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு. ராத்திரி தனியா உக்காந்து ஹெட்ஃபோன்ல பொறுமையா கேக்கற ஆள்னு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் கைண்ட் ஆஃப் ப்ளூவ முதல்ல குடுங்க.

எதைக் குடுத்தாலும் லிங்க் மட்டும் அனுப்பிட்டு விட்டுடாதீங்க, முடிஞ்சா பக்கத்துல உக்காந்து ஒண்ணாக் கேளுங்க. எ லவ் சுப்ரீம ஷஃபிள்ல போட்டா நாலு பாகமும் கலைஞ்சு நாசமாயிடும். போன் ஸ்பீக்கர்ல கேட்டா அந்த நாலு சுர பேஸே காதுல விழாது, ஸோ வாட் ஆரம்பத்துக்கும் அதே கதிதான். இப்போ வர்ற டீலக்ஸ் பதிப்புகள்ல பின்னாடி கூடுதல் டேக், அதாவது அதே பாட்டை வேற தடவை வாசிச்ச பதிவெல்லாம் சேத்திருப்பாங்க, ஆல்பம் எங்க முடியுதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா ஸாம் முடிஞ்சு கிடைக்கற அந்த அமைதில வேற ஏதோ வந்து விழுந்துடும்.

மாமா போன வாரம் போன் பண்ணி "அந்த சாகித்யம் வாசிக்கறவனோடது வேற இருக்கா?"ன்னு கேட்டார். அவர் 1967லயே 40 வயசுல போயிட்டார் மாமான்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் ஹார்ப் வாசிச்சு 1971ல வந்த ஜர்னி இன் சச்சிதானந்தா ஆல்பம் இருக்கு, முதல் பாட்டுலயே தம்பூரா நாதம் வரும். அதை வர்ற ஞாயித்துக்கிழமை நேர்ல கொண்டு போய்ப் போடறேன்னு சொல்லியிருக்கேன்.