பிரெஞ்சு–லிதுவேனிய அறிவியல் உரைபெயர்ப்பாளரைத் தேடுவோர் கவனத்திற்கு

பாரிஸிலுள்ள உரைபெயர்ப்பு முகமை ஒன்று எங்கள் ஆய்வுக்கூடத்தை ஏமாற்றிய விதத்தை, இந்த இரு மொழிகளுக்கும் இடையே ஆள் தேடும் மற்றவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். லிதுவேனியாவிலிருந்து வந்திருந்த மேல்நிலைப்பள்ளி இயற்பியல் ஆசிரியர்களுக்கு எங்கள் ஆய்வாளர்கள் லேசர் பற்றிப் பிரெஞ்சில் விளக்குவதாக ஏற்பாடு. அவர்களில் மூத்தவர்கள் சோவியத் காலத்தில் ரஷ்ய மொழி பயின்றவர்கள் என்பதால் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்க வழியில்லை. 'பிரெஞ்சிலிருந்து நேரடியாக லிதுவேனியத்துக்கு, இயற்பியல் அறிந்தவர்' என்று விலைப்புள்ளியில் எழுதித் தந்தே முகமை முன்பணம் பெற்றது.

நடந்தது வேறு. பாரிஸில் ஒருவர் பிரெஞ்சை ஆங்கிலமாக்க, இணையத்தின் மறுமுனையில் இருந்த இன்னொருவர் அந்த ஆங்கிலத்தை லிதுவேனியமாக்கினார். இடைமொழி வழியாக உரைபெயர்ப்பது தன்னளவில் தவறன்று. 24 அலுவல் மொழிகளைக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு என 552 மொழித் திசைகள் உள்ளதால் அங்கும் அது வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அது தேர்ந்தவர்களால் வெளிப்படையாகச் செய்யப்படுகிறது. எங்களிடமோ அது மறைக்கப்பட்டதுடன், அனுப்பப்பட்ட இருவருக்கும் இயற்பியலின் அடிப்படைகூடத் தெரியவில்லை.

அன்றைய முக்கியப் பொருள், பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் மூரூவும் டோனா ஸ்ட்ரிக்லண்டும் உருவாக்கி, 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற லேசர் பெருக்க முறை. ஒளித்துடிப்பைக் காலத்தில் நீட்டி அதன் உச்சத் திறனைத் தணித்த பிறகே பெருக்க வேண்டும். இறுதியில்தான் மீண்டும் சுருக்க வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றாமல் நேரடியாகப் பெருக்கினால், கடுமையான ஒளிச்செறிவில் பெருக்கியின் படிகமே சேதமடையும். உரைபெயர்ப்பிலோ பெருக்குவது முன்னும் நீட்டுவது பின்னுமாகப் போய்விட்டது. "அப்படியானால் படிகம் எப்படித் தாங்கும்?" என்று ஓர் ஆசிரியை கேட்ட பிறகே எங்களுக்குப் பிழை தெரிந்தது. நொடியின் மிகச் சிறிய பின்னமான ஃபெம்டோநொடியைப் பிகோநொடி என்று ஆயிரம் மடங்கு மாற்றிச் சொன்னதும் பிறகு தெரியவந்தது. வில்னியஸில் தயாராகும் அதிவேக லேசர்கள் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இயங்குகின்றன. அந்த நாட்டிலிருந்து ஆவலோடு வந்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததே எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம். முறையிட்டபோது, பேச்சு லிதுவேனியத்தில் கேட்டது அல்லவா என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தர முகமை மறுத்துவிட்டது.

1953இல் தொடங்கப்பட்டு ஜெனீவாவில் இயங்கும் பன்னாட்டு மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் மொழிகளை ஏ, பி, சி என வகைப்படுத்துகிறது. ஏ என்பது தாய்மொழி அல்லது அதற்கு ஒப்பான மொழி. சி என்பது முழுமையாகப் புரிந்தாலும் அம்மொழியில் உரைபெயர்த்துப் பேசாத மொழி. நமக்குத் தேவையானவர் லிதுவேனியத்தை ஏ ஆகவும், பிரெஞ்சைக் குறைந்தது சி ஆகவும் கொண்டவர். இடைமொழி இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உடனுக்குடன் பெயர்ப்பதாயின் அரைமணிக்கொரு முறை மாறிக்கொள்ள இருவர் வேண்டும். அவ்விருவரின் பெயரையும் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் ஆய்வாளர் ஒருவர் அவர்களோடு பாடப்பொருளைப் பற்றிச் சிறிது நேரம் பேசிப் பார்க்கட்டும். அதற்கு முகமை இணங்காவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.