லண்டன் காற்றாலைப் பங்கா, கொழும்புப் பங்கா, வீட்டுக் கூரையா?

ஒரு பிள்ளை லண்டனில், பெற்றோர் யாழ்ப்பாணத்தில் என்றிருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது: காற்றிலும் வெயிலிலும் காசு போடுவதென்றால் எங்கே போடலாம்?

லண்டனில் இருப்பவர்கள் முதலில் சொல்வது கிரீன்கோட் யூகே விண்ட். பிரித்தானியக் காற்றாலைகளை வைத்திருக்கும் இந்த முதலீட்டு நிதியம் 2013 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. அன்று ஒரு பங்கு 100 பென்ஸ், ஆண்டுக்கு 6 பென்ஸ் பங்கிலாபம் (பங்குக்காரருக்குப் பிரித்துத் தரும் காசு) இலக்கு. 2024க்கு 10 பென்ஸ் கொடுத்தது. ஆனால் பங்கு விலை 2025 கடைசியிலும் 100 பென்ஸைச் சுற்றியே நின்றது. 2021 கடைசிவரை 0.1 வீதமாக இருந்த இங்கிலாந்து மத்திய வங்கி வட்டி 2023இல் 5.25க்கு ஏறியது முக்கிய காரணம்: வைப்பிலேயே நல்ல வட்டி கிடைத்தால் இப்படியான பங்குக்குக் கூடிய விலை கொடுக்க ஆள் குறையும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: காற்றாலை தேயும் சொத்து, ஆயுள் முடிந்தால் பெறுமதி போய்விடும். கைக்கு வரும் பங்கிலாபத்தில் ஒரு பகுதி நாம் போட்ட முதலே திரும்பி வருவதுதான். பத்து வீதம் என்றதும் நிலையான வைப்பு வட்டியோடு ஒப்பிடுவது தவறு.

கொழும்புப் பங்குச் சந்தையில் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் விண்ட்போர்ஸ் இருக்கிறது. 2021இல் 16 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இது நிதியம் அல்ல, கம்பனி. லாபத்தைப் பிரித்துத் தராமல் புதிய ஆலைகளிலும் போடலாம். உள்ளூரில் அதன் மின்சாரத்தை வாங்கி வந்தது ஒருவரே, இலங்கை மின்சார சபை. 2022 நெருக்கடியில் சபை கட்டணம் செலுத்தத் தாமதித்தபோது மின் உற்பத்தியாளர்கள் எல்லோரும் திணறினார்கள்.

வீட்டுக் கூரையில் சோலர் தகடு போட்டு மின்சாரம் விற்றவர்களுக்கும் அதே சபைதான் காசு தந்து வந்தது. ஆனால் இங்கே நம் கையில் ஒன்று இருக்கிறது: நாம் பாவிக்கும் மின்சாரத்துக்கு யாரும் காசு தரத் தேவையில்லை, பில் குறைகிறது. சபைக்கு விற்கும் விலையோ இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2024இல் அலகுக்கு 27 ரூபாய். 2025இல் 5 கிலோவாட் வரையான புதிய கூரைகளுக்கு 20.90. ஆகவே விற்பதற்கென்று பெரிதாகப் போடாமல், வீட்டுப் பாவனை அளவுக்குப் போடுவதே நல்லது. வேலையும் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி படியும், வெயில் ஏற முன்னர் கழுவ வேண்டும். தென்னோலை நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் உற்பத்தி குறையும். பற்றரி இல்லாவிட்டால் மின்வெட்டில் இதுவும் நின்றுவிடும். 2025 சித்திரை விடுமுறையில் பாவனை குறைந்ததால் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கச் சபை சொன்னதும் நினைவிருக்கும்.

என் கணக்கில், யாழ்ப்பாணத்தில் சொந்த வீடும் கனமான பில்லும் உள்ளவருக்குக் கூரைதான் முதலிடம். இங்கிருந்து பவுண்ஸ் வாங்கி லண்டன் பங்கு எடுப்பது செலாவணிக் கட்டுப்பாட்டால் இலகுவல்ல. அது அங்கேயே உழைத்து அங்கேயே செலவழிப்பவருக்குப் பொருந்தும். விண்ட்போர்ஸ் வாங்க விரும்புவோர் பங்கிலாப வீதத்தைப் பார்க்க முன்னர் ஆண்டறிக்கையைத் திறந்து, மின்சாரம் வாங்குபவரிடமிருந்து வரவேண்டிய நிலுவை எவ்வளவு என்று பாருங்கள்.